பழைய பிலிப்ஸ் சிடி பிளேயர்: லென்ஸ் மேல் பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

பழைய சிடி பிளேயர் ஓடவில்லை என்று எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் முதலில் வரும் பதில் "லென்ஸ் போயிருச்சு" என்பதுதான். 90களின் மினி சிஸ்டம், மூன்று டிஸ்க் சேஞ்சர் என்றால் அது பல சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் 80களின் பிலிப்ஸ் பிளேயர்கள் வேறு சாதி. அவற்றில் லேசர் தண்டவாளத்தில் பல்சக்கரம் வைத்து நகராது, ஒரு கை மாதிரி ஆடிக்கொண்டே டிஸ்க்கின் குறுக்கே போகும். சிடிஎம்-1 என்ற அந்த மெக்கானிசத்தின் உடம்பு வார்ப்பு உலோகம், லென்ஸ் கண்ணாடி. நாற்பது வருஷம் கழித்தும் லேசர் உயிரோடு இருக்கும் பிளேயர்கள் ஏராளம். போனது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள இணைப்புகளும் கெப்பாசிட்டர்களும் பெல்ட்டும்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சவுண்டை இன்னும் நன்றாக்க என்ன மாற்றலாம்" என்று கேட்பவர்களின் பிளேயரைத் திறந்து பார்த்தால் பாதிப் பேரிடம் மாற்ற வேண்டியது எதுவும் இருக்காது, பழுது பார்க்க வேண்டியதுதான் இருக்கும். ஒலி மந்தமாக இருப்பதும் ஒரு பழுதின் அறிகுறிதான். காய்ந்துபோன கெப்பாசிட்டரை அப்படியே விட்டுவிட்டு விலை கூடிய ஆப்-ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்கும் சிப்) வாங்கிப் போட்டால் பணம்தான் போகும். அதனால் இந்தக் குறிப்பில் பழுதுகள் முதலில், மாற்றங்கள் கடைசியில்.

எடுத்துக்காட்டாக நான் மனதில் வைத்திருப்பது பெல்ஜியத்தில் செய்த பிலிப்ஸ் சிடி104. 1984 வாக்கில் வந்தது. உள்ளே எஸ்ஏஏ7010, 7020, 7000, 7030 என்று நான்கு டிஜிட்டல் சிப்கள், அப்புறம் ஒரு சேனலுக்கு ஒன்றாக இரண்டு டிடிஏ1540, அதாவது டிஜிட்டல் எண்களை அனலாக் ஒலி சிக்னலாக மாற்றும் டேக் (DAC) சிப்கள். இந்த டிடிஏ1540 14 பிட் சிப்தான். ஆனால் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எஸ்ஏஏ7030 ஃபில்டர் 44.1 கிலோஹெர்ட்ஸை நான்கு மடங்காக, 176.4 கிலோஹெர்ட்ஸாக ஆக்கி, வெட்டப்பட்ட பிட்களின் பிழையைக் காது கேட்காத பகுதிக்குத் தள்ளிவிடுவதால் கிட்டத்தட்ட 16 பிட் தரத்திலேயே ஒலி வெளியே வருகிறது. அந்தக் காலத்தில் இப்படி யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது. அடுத்த தலைமுறையில் 16 பிட் டிடிஏ1541 வந்தது; கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, டிரான்ஸ்பார்மரின் பிரைமரி பக்கம் மெயின்ஸ் மின்சாரம் அப்படியே நிற்கும். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். 220 என்றால் நம் ஊர் 230இல் ஓடும். ஜப்பான் உள்நாட்டுப் பிளேயர் என்றால் 100 வோல்ட், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் சொருகவே கூடாது. பல வருஷம் பரணில் கிடந்த பிளேயரை முதல்முறை ஓட்டும்போது 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு ஓட்டுங்கள். பல்பு முழுசாக எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே நிறுத்திவிடலாம்.

80களின் பல பிளேயர்களில் அடியில் டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ இருக்கும். லாரியில் போகும்போது மெக்கானிசம் ஆடாமல் இருக்கப் பூட்டுவது அது. யாரோ கைமாற்றும்போது இறுக்கியதை அப்படியே விட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

சோதிக்கும் டிஸ்க் கடையில் வாங்கிய, அச்சில் அழுத்திய, கீறலில்லாத ஒரிஜினலாக இருக்கட்டும். வீட்டில் எழுதிய சிடி-ஆர் வேண்டாம், அதன் பிரதிபலிப்பு சற்றுக் குறைவு, சாயமும் வருஷம் ஆக ஆகக் கெடும். சிடி-ஆர்டபிள்யூ இந்தக் காலத்துப் பிளேயர்களில் ஓடவே ஓடாது, அது பழுது இல்லை.

லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத அகச்சிவப்பு. லென்ஸுக்கு நேர் மேலே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். இதில் விளையாட்டு வேண்டாம்.

விளக்கே எரியவில்லை

ஃப்யூஸ், பவர் சுவிட்ச், டிரான்ஸ்பார்மர் பிரைமரி என்று இந்த வரிசையில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு போங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் அதே அளவு ஃப்யூஸ் போடுங்கள், அதுவும் போனால் பிரிட்ஜ் டையோடுகளையும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களையும் சோதியுங்கள். டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் வோல்டேஜ் வருகிறது, ஆனால் போர்டில் 5 வோல்ட் இல்லை என்றால் வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசிதான் சந்தேகத்துக்குரியது. அதற்கும் முன்னால் ரெகுலேட்டரின் கால்களைச் சுற்றி ஈயம் வட்டமாக வெடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஹீட் சிங்க்கில் மாட்டிய ஐசி வருஷக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, கால்களை ஆட்டி ஆட்டி ஈயத்தை வெடிக்க வைத்திருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

டிரே வெளியே வர மறுக்கிறது

பெல்ட். பொத்தானை அமுக்கினால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, டிரே நகரவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரத்திலும் வெயிலிலும் ரப்பர் தார் மாதிரி உருகிப் புல்லியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்த பிறகே புது பெல்ட். பழைய பெல்ட் நீண்டு போயிருக்கும் என்பதால் அதை அளந்து அதே அளவு வாங்காதீர்கள். புல்லிகளைச் சுற்றி நூலை ஓட்டி, அந்த நீளத்தைவிட ஐந்து சதவீதம் குறைவாக வாங்குங்கள். அதிகமாக இறுக்கினால் மோட்டாரின் புஷ் தேயும். காய்கறிக் கட்டில் வரும் ரப்பர் பேண்ட் ஒரு மாசம் கூடத் தாங்காது.

டிஸ்க் சுற்றவே இல்லை

இங்கேதான் பலர் மோட்டாரைச் சந்தேகப்பட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள். வரிசை என்னவென்றால், பிளே அமுக்கியதும் முதலில் லேசர் எரியும், அப்புறம் லென்ஸ் மேலும் கீழும் ஆடி டிஸ்க்கின் பளபளப்பைத் தேடும், குவியம் (ஃபோகஸ்) கிடைத்தது என்று சர்வோ, அதாவது லென்ஸையும் கையையும் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று, சொன்னால்தான் மோட்டார் சுற்றும். குவியம் கிடைக்கவில்லை என்றால் மோட்டாருக்குக் கட்டளையே போகாது. ஆகவே சுற்றாத டிஸ்க் என்பது பெரும்பாலும் பார்க்க முடியாத லென்ஸ்.

டிஸ்க் இல்லாமல் பிளே அமுக்கி, பக்கவாட்டிலிருந்து, சாய்வாக, ஒரு அடி தள்ளி நின்று பாருங்கள். லென்ஸ் ஆடுகிறதா? இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளி தெரிகிறதா? இரண்டும் இருந்தால் லென்ஸைத் துடையுங்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலை நனைத்து, பிழிந்துவிட்டு, இறகால் தொடுவது போல ஒரு வட்டம், அப்புறம் காய்ந்த குச்சியால் ஒரு வட்டம். நெயில் பாலிஷ் ரிமூவர் கிட்டேயே வரக்கூடாது. சமையலறைக்குப் பக்கத்து ஹாலில் இருந்த பிளேயர்களில் எண்ணெய்ப் படலம் இருக்கும், இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டிவரும்.

புள்ளி இருக்கிறது, லென்ஸ் ஆடவில்லை என்றால் குவியச் சுருளுக்குப் போகும் வழியைப் பாருங்கள்: ரிப்பன் இணைப்பு, கனெக்டர், டிரைவர் டிரான்சிஸ்டர்கள், அவற்றுக்கு வரும் பிளஸ், மைனஸ் வோல்டேஜ்கள். ஒரு பக்கத்து வோல்டேஜ் இல்லாமல் போனால் லென்ஸ் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கை தடையில்லாமல் ஆடுகிறதா என்பதையும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேயரை மெதுவாக ஒரு பக்கம் சாய்த்தால் கை தன் எடையில் வழுக்கிப் போக வேண்டும், திருப்பிச் சாய்த்தால் திரும்பி வர வேண்டும். நடுவில் சிக்கினால் ஏதோ தூசியோ முடியோ காந்த இடுக்கில் மாட்டியிருக்கிறது. அந்த அச்சில் எண்ணெய் விடாதீர்கள். தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

சுற்றுகிறது, ஆனால் பாட்டு எண்ணிக்கை வரவில்லை

டிஸ்க்கின் உள்விளிம்பில்தான் எத்தனை பாட்டு, எங்கே தொடக்கம் என்ற பட்டியல் இருக்கிறது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படும், உள்ளே நிமிஷத்துக்கு 500 சுற்று, வெளி விளிம்பில் 200 சுற்று. பட்டியலைப் படிக்க முடியாமல் சில நொடி சுற்றிவிட்டு நின்றால் குவியம் கிடைத்துவிட்டது, ஆனால் தடத்தைப் பிடிக்கவோ சிக்னலைப் புரிந்துகொள்ளவோ முடியவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் லேசர் கரன்ட்டை அமைக்கும் சின்ன டிரிம்மரைத் திருகத் தோன்றும். தயவுசெய்து தொடாதீர்கள். லேசர் டையோடு ஒரு அளவுக்கு மேல் கரன்ட் போனால் சில நொடிகளிலேயே நிரந்தரமாக மங்கிவிடும். டிரிம்மரைக் கூட்டியதும் பிளேயர் ஓடத் தொடங்கி, ஒரு வாரம் ஓடி, அப்புறம் எந்த மருந்துக்கும் எழாமல் போன கதை நிறைய. எனக்கும் பல வருஷத்துக்கு முன் ஒரு பிளேயரில் இது நடந்தது. உண்மையில் போயிருந்தது பத்து ரூபாய் கெப்பாசிட்டர் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த லேசரை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

முதலில் பவர் சப்ளை. எல்லா ரெகுலேட்டர்களின் வெளியீட்டையும் டிசியில் அளந்து சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள், அப்புறம் அதே இடங்களில் மல்டிமீட்டரை ஏசிக்கு மாற்றி அளங்கள். சில மில்லிவோல்ட் இருக்கலாம். பல பத்து மில்லிவோல்ட் என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. அந்தக் காலத்து பிலிப்ஸ் போர்டுகளில் இரண்டு முனையிலும் கம்பி நீட்டிக்கொண்டு படுத்திருக்கும் நீல நிற எலக்ட்ரோலிட்டிக்குகள் நிறைய. அவை உப்பி வெடிக்காது, சத்தமில்லாமல் கொள்ளளவை இழக்கும், வெளியே பார்த்தால் புத்தம்புதிதாகத் தெரியும். எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சர்வோ போர்டிலும் பவர் சப்ளையிலும் இருப்பவற்றை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. அதே கொள்ளளவு, அதே அல்லது அடுத்த வோல்டேஜ், 105 டிகிரி வகை. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதிப்புச் சொல்லி வாங்கலாம், ஆனால் படுக்கும் வகை எளிதில் கிடைக்காது. நிற்கும் வகையை வாங்கி, நீள வேண்டிய காலுக்கு ஸ்லீவ் போட்டு வளைத்து வைத்தால் போதும். நேர் எதிர் முனையை மாற்றிவிடாமல், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டி என்று போங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டு நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். தொடங்கும் முன் போனில் நாலு படம் எடுத்து வைத்தால் அதுவே பெரிய துணை.

சிக்னலின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் வேலை பாதி முடிந்தது. டிஸ்க்கிலிருந்து வரும் சிக்னலின் அதிவேகப் பகுதியே 720 கிலோஹெர்ட்ஸ்தான், மெதுவானது 196 கிலோஹெர்ட்ஸ். ஆக, விலை குறைந்த 20 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பே தாராளம். சோதனைப் புள்ளியில் வைரக் கட்டங்கள் அடுக்கடுக்காக, நடுவில் வெட்டவெளியோடு தெரிந்தால் லேசரும் லென்ஸும் நலம், கோளாறு அதற்குப் பிறகு. வைரங்கள் மங்கி மூடிக்கொண்டிருந்தால் லென்ஸ், குவிய அமைப்பு, கடைசியாக லேசர்.

சூடானதும் நின்றுபோகிறது, ஒரு தட்டு தட்டினால் ஓடுகிறது

சிடி104 மற்றும் அதன் உடன்பிறப்புகளின் தலையாய நோய் இது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிளேயர்கள் குப்பைக்குப் போகாமல் பிழைக்கும்.

போர்டு இரண்டு பக்கமும் செப்புத் தடம் உள்ளது. மேல் தடத்தையும் கீழ் தடத்தையும் இணைக்க இன்றைக்குத் துளையின் உள்சுவரிலேயே செம்பு பூசிவிடுகிறார்கள். இந்தப் போர்டுகளில் அதற்குப் பதிலாகத் துளைக்குள் குட்டி உலோக ரிவிட்டுகளைச் செருகி, இரண்டு பக்கமும் ஈயம் வைத்திருக்கிறார்கள். போர்டு சூடானால் ஒரு அளவு விரியும், ரிவிட் வேறொரு அளவு விரியும். ஒவ்வொரு முறை பவர் போட்டு அணைக்கும்போதும் ரிவிட்டின் விளிம்பில் உள்ள ஈயம் ஒரு மயிரிழை இழுபடும். பல ஆயிரம் முறை இழுபட்ட பிறகு வட்டமாக ஒரு விரிசல். குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடானதும் விட்டுவிடும். சில சமயம் நேர் தலைகீழ்: காலையில் ஓடாது, அரை மணி சூடானால் ஓடும்.

இதன் முகங்கள் பல என்பதுதான் குழப்பம். ஒரு நாள் பட்டியல் படிக்காது, ஒரு நாள் ஒரு பக்கம் ஒலி வராது, ஒரு நாள் டிஸ்ப்ளேயில் பாதி எழுத்து வரும். அறிகுறி நாளுக்கு நாள் மாறினாலே ரிவிட்டைச் சந்தேகப்படலாம். உறுதி செய்ய, பிளேயர் ஓடும்போது மரக் குச்சியால், ஐஸ்கிரீம் குச்சி நல்லது, போர்டின் வெவ்வேறு இடங்களை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓர் இடத்தை அழுத்தும்போது கோளாறு வருவதும் போவதுமாக இருந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஒவ்வொரு ரிவிட்டின் மேலும் புது ஈயம் வைத்துச் சூடாக்கினால் எல்லாம் ஓடும். சில மாசம் ஓடும். அப்புறம் அதே கதை, ஏனென்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. நிலையான வழி வேறு. ரிவிட்டில் உள்ள பழைய ஈயத்தை உறிஞ்சி எடுங்கள். ஒற்றைக் கம்பி கொண்ட மெல்லிய செப்பு வயரைத் துளை வழியாக விட்டு, மேலும் கீழும் ஓரிரண்டு மில்லிமீட்டர் நீட்டி வளைத்து, ரிவிட்டின் மேல் மட்டும் அல்ல, பக்கத்துத் தடத்தின் மேலேயே படும்படி ஈயம் வையுங்கள். தடத்தின் மேல் பச்சைப் பூச்சு இருந்தால் பிளேடால் சுரண்டிவிட்டு வையுங்கள். இனி ரிவிட் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று, மின்சாரம் கம்பி வழியாகப் போகும்.

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் செய்யுங்கள். "சந்தேகமானதை மட்டும்" என்று தொடங்கினால் மூன்று மாசத்துக்கு ஒருமுறை திறந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேலை. சால்டரிங் அயனின் முனை மெல்லியதாக, சூடு 350 டிகிரிக்குள் இருக்கட்டும். நாற்பது வருஷப் பழைய தடம் அதிகச் சூட்டில் போர்டை விட்டு உரிந்துவரும். முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொரு துளைக்கும் மேல் கீழ் தொடர்பைச் சோதித்துவிட்டே பவர் கொடுங்கள். இதை முடித்ததும் முதல் டிஸ்க் தயங்காமல் எழுந்து சுற்றி எண்ணிக்கையைக் காட்டும்போது வரும் சந்தோஷம் எந்த மாடிஃபிகேஷனிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

பாட்டு தாவுகிறது

எங்கே தாவுகிறது என்று கவனியுங்கள். எப்போதும் அதே டிஸ்க்கின் அதே இடம் என்றால் டிஸ்க்தான். சிடியின் பிழைதிருத்தம் தடத்தின் நீளவாக்கில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை தகவல் காணாமல் போனாலும் முழுசாக மீட்டுவிடும், அதற்கு மேல் ஊகித்து நிரப்பும், அதுவும் முடியாதபோது மௌனமாகும். மையத்திலிருந்து விளிம்புக்கு ஓடும் கீறலைவிட வட்டப்போக்கில் ஓடும் கீறல் ஆபத்தானது என்பது இதனால்தான்.

எல்லா டிஸ்க்கும் கடைசிப் பாட்டுகளில் தாவினால் கை வெளிப்பக்கம் போகும்போது எங்கோ உரசுகிறது, அல்லது மெக்கானிசத்தைத் தாங்கும் ஸ்பிரிங், ரப்பர் தொய்ந்து சாய்ந்துவிட்டது. எல்லா இடத்திலும் தாவினால் மேலே சொன்ன பவர் சப்ளை, சர்வோ கெப்பாசிட்டர்களுக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் ஒலி, அல்லது கரகரப்பு

முதலில் பிளேயரிலிருந்து ஆம்பிளிஃபயருக்கு (ஆம்ப்) போகும் ஆர்சிஏ கேபிளைப் பிளேயர் முனையில் மட்டும் இடம் வலம் மாற்றுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் பிளேயர், மாறாவிட்டால் ஆம்ப் அல்லது கேபிள்.

பிளேயர்தான் என்றால் இந்த மாடலில் இரண்டு டிடிஏ1540 இருப்பது பெரிய வசதி. இரண்டின் வோல்டேஜ் கால்களையும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடலாம்: +5, -5, -17 வோல்ட் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். டிடிஏ1541 உள்ள பிளேயர்களில் ஒரே சிப், +5, -5, -15. இந்த எதிர் வோல்டேஜ் குறைந்தால் ஒலி முழுசாகப் போகாமல் உடைந்து கரகரப்பாக வரும்.

அடுத்தது பலரும் மறக்கும் மியூட் சுற்று. பாட்டு மாறும்போது டிக் என்ற சத்தம் வராமல் இருக்க வெளியீட்டைத் தரைக்கு இழுத்துப் பிடிக்கும் டிரான்சிஸ்டர் அல்லது ரிலே அங்கே இருக்கும். டிரான்சிஸ்டர் கசியத் தொடங்கினால் சிக்னலின் ஒரு பாதியை மட்டும் கடிக்கும், சத்தம் கூடும்போது சிதறலாகக் கேட்கும். சிக்னல் பக்கத்துக் காலை மட்டும் தூக்கிவிட்டுக் கேளுங்கள். தெளிவாகிவிட்டால் குற்றவாளி அதுதான்.

ஆம்பில் பூமித் தொடர்பு, கேபிள் எல்லாம் சரியாக இருந்தும் உறுமல் வந்தால் மறுபடி ஃபில்டர் கெப்பாசிட்டர்களே. அதோடு ஆர்சிஏ சாக்கெட்டின் தரைப்பக்க ஈயத்தைப் புதுப்பியுங்கள்.

சில சிடிகள் மட்டும் கூச்சலாக, கூர்மையாகக் கேட்கின்றன

80களின் தொடக்கத்தில் வந்த சில டிஸ்க்குகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சிட்டவற்றில், உயர் சுருதிகளைக் கூட்டிப் பதிந்திருப்பார்கள். பிளேயர் டிஸ்க்கில் உள்ள அடையாளத்தைப் பார்த்து அதே அளவு குறைத்துத் தர வேண்டும். அந்தக் குறைக்கும் சுற்று வேலை செய்யாவிட்டால் அந்த டிஸ்க்குகள் மட்டும் காதைக் குத்தும். நேர்மாறாக, அந்தச் சுற்று எப்போதும் இயங்கியபடியே மாட்டிக்கொண்டால் மற்ற எல்லா டிஸ்க்கும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல மந்தமாக இருக்கும். "பழைய பிளேயர் என்றால் இதமான சவுண்டு" என்று பலர் ரசிக்கும் அந்த மந்தம் சில சமயம் இந்தப் பழுதுதான். டிஜிட்டல் பக்கத்தில் கோளாறு என்றால் டிக் சத்தமோ மௌனமோ வரும், ஒலி மந்தமாகாது. மந்தம் எப்போதும் அனலாக் பக்கத்து நோய்.

எல்லாம் சரியாக ஓடுகிறது, இன்னும் நன்றாக வேண்டும்

இப்போதுதான் மாற்றங்களைப் பற்றிப் பேசலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்றுங்கள், ஒரு வாரம் கேளுங்கள், பிடிக்காவிட்டால் பழையதைத் திருப்பி வையுங்கள். கழற்றியதை எறிய வேண்டாம்.

செலவுக்குப் பலன் அதிகம் தருவது வெளியீட்டுக் கெப்பாசிட்டர். டிசியைத் தடுக்க ஆர்சிஏ சாக்கெட்டுக்கு முன்னால் எலக்ட்ரோலிட்டிக் இருந்தால் அதை எடுத்துவிட்டு ஃபிலிம் வகை போடலாம். பெரிய மதிப்பைத் தேடி அலைய வேண்டாம்: உங்கள் ஆம்பின் உள்ளீட்டு எதிர்ப்பு 47 கிலோஓம் என்றால் 2.2 மைக்ரோஃபாரட் வைத்தாலே ஒன்றரை ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 10 கிலோஓம் ஆம்பு என்றால் அதே கெப்பாசிட்டர் 7 ஹெர்ட்ஸில் வெட்டும், அதுவும் மோசமில்லை, ஆனால் 4.7 போட்டால் நிம்மதி.

டேக் சிப்பைச் சுற்றியுள்ள குட்டிக் கெப்பாசிட்டர்கள் அடுத்தது. டிடிஏ1541இல் ஒரு சேனலுக்கு ஏழு வீதம் பதினான்கு, ஒவ்வொன்றும் 100 நானோஃபாரட். சிப்பின் உள்ளே மின்னோட்டங்களைச் சமமாகப் பிரிக்கும் வேலையின் மிச்சச் சலசலப்பை வடிகட்டுவது இவைதான். நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர்களைக் கால்களை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள். நீளமான காலோடு விலை உயர்ந்ததை வைப்பதைவிட ஒட்டி உட்காரும் சாதாரணமானது மேல். அந்தச் சிப்போடு வரும் எஸ்ஏஏ7220 ஃபில்டர் கையை வைக்க முடியாத அளவு சூடாகும், அதன் முதுகில் சின்ன ஹீட் சிங்க் ஒட்டுவது ஒலிக்காக இல்லாவிட்டாலும் ஆயுளுக்காகச் செய்ய வேண்டியது.

ஃபில்டர் சிப்பையே தாண்டிவிட்டு 44.1 கிலோஹெர்ட்ஸை நேராக டேக்குக்குக் கொடுக்கும் மாற்றம் டிடிஏ1541 வட்டாரத்தில் பிரபலம். நான் செய்து கேட்டிருக்கிறேன். நாகஸ்வரம், குரல் எல்லாம் முன்னால் வந்து உட்காருவது போல இருக்கும், அது உண்மை. ஆனால் 20 கிலோஹெர்ட்ஸில் மூன்று டெசிபலுக்கு மேல் குறைகிறது என்பதும் உண்மை, ஜால்ரா, மோர்சிங் போன்றவற்றின் மேல்விளிம்பு மழுங்கும். சிடி104இல் இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, 14 பிட் சிப்பிலிருந்து 16 பிட் தரத்தைக் கறந்து தருவதே அந்த எஸ்ஏஏ7030 ஃபில்டர்தான். அதை எடுத்தால் வண்டியிலிருந்து கியரைக் கழற்றுவது மாதிரி.

ஆப்-ஆம்ப் மாற்றத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. என்இ5532 என்ற ஆப்-ஆம்ப் நல்ல சிப், அதை மட்டமாக நினைக்க வேண்டாம். மாற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் நேரடியாக ஈயம் வைக்காமல் எட்டுக்கால் சாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் போர்டைச் சுட வேண்டியிருக்காது. புதிய சிப் ஒற்றையா இரட்டையா, கால் வரிசை அதேதானா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள்.

மாற்றிய பிறகு புதிதாக வந்த கோளாறு

ஆப்-ஆம்ப் தொட முடியாத அளவு சூடாகிறது, ஒலியில் மெல்லிய சரசரப்பு என்றால் அது காதுக்கு எட்டாத வேகத்தில் தானாக அலைபாய்ந்துகொண்டிருக்கிறது. வேகமான சிப்களைப் பழைய போர்டில் வைத்தால் இது அடிக்கடி நடக்கும். அதன் நேர் எதிர் சப்ளைக் கால்களுக்கு அடியிலேயே, போர்டின் பின்பக்கம், தரைக்கு 100 நானோஃபாரட் செராமிக் ஒவ்வொன்று வையுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் பழைய சிப்பே அந்தப் போர்டுக்குச் சரி.

பவர் போடும்போது ஸ்பீக்கர் தட்டுகிறது என்றால் ஆர்சிஏ வெளியீட்டில் டிசி எவ்வளவு என்று ஆம்போடு இணைக்காமல் அளங்கள். சில மில்லிவோல்ட் பரவாயில்லை. அதற்கு மேல் இருந்தால் புதிதாக வைத்த கெப்பாசிட்டர் ஒன்று கசிகிறது, அல்லது மியூட் டிரான்சிஸ்டரின் காலைச் சோதனைக்குத் தூக்கியது தூக்கியபடியே இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு மூடியை மாட்டுங்கள், மாட்டிய பிறகு 70 நிமிஷத்துக்கு மேல் ஓடும் நீளமான டிஸ்க் ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை நிறுத்தாமல் ஓட விடுங்கள், ஏனென்றால் மூடி போட்ட பெட்டிக்குள் வரும் சூடு திறந்த மேசையில் வராது.